பூ வண்டிக்கு ஹெட் கேஸ்கெட் மாற்றியது போதும்

அடிக்கடி ஹெட் கேஸ்கெட் போகிற டீசல் வண்டிக்கு, திரும்பத் திரும்பக் கேஸ்கெட்டையே மாற்றிக்கொண்டிருப்பது வீண்செலவு. எஞ்சினின் உடலான பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். எங்கள் மகிந்திரா பிக்கப்பில் வருஷக்கணக்காக அதுதான் நடந்தது. இதே எஞ்சினை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் பெங்களூரிலும் ஓசூர் பக்கத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 1993 மாடல். உள்ளே இருப்பது பியூஜோ டிசைன் டீசல் எஞ்சின், மெக்கானிக்குகள் பாஷையில் ‘டிபி எஞ்சின்’. முழுப் பெயர் எக்ஸ்டிபி 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுகிற தூரம்), 2112 சிசி. டர்போ கிடையாது, எல்லாமே மெக்கானிக்கல். அப்பா இதை செகண்ட் ஹாண்டில் வாங்கி ஓசூர், ராயக்கோட்டை பக்கத்திலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றினார். ராத்திரி லோடு ஏற்றினால் விடிவதற்குள் அத்திப்பள்ளி தாண்டி மார்க்கெட்டில் நிற்க வேண்டும். சாமந்தியும் ரோஜாவும் யாருக்காகவும் காத்திருக்காது. நான் டிப்ளமோ படித்தது, தங்கச்சி கல்யாணம், டி.சி. பாளையாவில் இந்தச் சின்ன வீடு, எல்லாம் அந்த வண்டி போட்ட சோறு.

அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனபிறகு வண்டி வீட்டு ஓரமாகத் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு விலை சொல்லிவிட்டுப் போனார். நான் பீன்யாவில் ஒரு டூல் ரூமில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும்தான் என் பிழைப்பு. ஒரு பொருளை அளந்து பார்க்காமல் கழித்துவிட எனக்கு மனசே வராது. “பிரிச்சு அளந்து பாத்துடலாம்ப்பா, அப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்” என்றேன். அப்பா அன்றைக்கே பழைய ஸ்பானர் பெட்டியை எடுத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டார்.

பழைய கதை இதுதான். மேடு ஏறினால் சூடாகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓட விட்டால் தண்ணீரில் குமிழ் குமிழாக வரும். எரியும் அறையிலிருந்து கேஸ் தண்ணீர்ப் பாதைக்குள் போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டைக் கழற்றி, அதன் அடி முகத்தைச் சமமாக இழைத்து (ஃபேசிங்), புது கேஸ்கெட் வைத்து அனுப்புவார்கள். கொஞ்ச காலம் நன்றாக ஓடும். திரும்பவும் குமிழ். ஹெட்டை இழைத்து இழைத்து அது இளைத்ததுதான் மிச்சம். ஹெட்டுக்குக் கீழே இருக்கிற பிளாக்கை யாரும் அளந்து பார்க்கவில்லை.

இந்த எஞ்சினில் இருப்பது வெட் லைனர். பிஸ்டன் ஓடுகிற குழாய் பிளாக்கோடு சேர்ந்து வார்த்தது அல்ல, தனியாகக் கழற்றலாம். வெளிச்சுவரைக் கூலிங் தண்ணீர் நேராகத் தொட்டுக்கொண்டு ஓடும். உள்ளே வைத்தபிறகு லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மேலே துருத்தி நிற்க வேண்டும். ஹெட்டை முறுக்கும்போது அந்தத் துருத்தல்தான் கேஸ்கெட்டின் வளையத்தை இறுக்கிப் பிடிக்கும். நான்கு லைனரும் ஏறக்குறைய ஒரே அளவு நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால், அதன் தலைக்கு மேல் இருக்கிற கேஸ்கெட்டுக்குப் பிடிப்பு இருக்காது. எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் ஊதிக்கொண்டு போகும்.

செயின் பிளாக்கை இரும்புக் கம்பச் சட்டத்தில் மாட்டி எஞ்சினை வெளியே இறக்கினோம். பிளாக்கின் முகத்தைப் பிளேடால் சுரண்டி, எண்ணெய்க் கல்லால் லேசாகத் தேய்த்து, பனியன் துணியால் துடைத்தேன். பிறகு லைனர்களை போல்ட்டும் தடித்த வாஷரும் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அமுக்காமல் அளந்தால் லைனர் எழும்பி நின்று பொய் அளவு காட்டும். டயல் கேஜைப் பிளாக்கில் வைத்து சைபர் செய்து, முள்ளை மெதுவாக லைனர் விளிம்புக்கு நகர்த்தினேன். முதல் சிலிண்டர் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதற்குப் போனதும் முள் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அந்த லைனர் பிளாக் மட்டத்துக்கும் கீழே உட்கார்ந்திருந்தது. சுற்றிச் சுற்றி நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் அதே கதை.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து முள்ளைப் பார்த்தார். “அதான் பாப்பா, எப்பப் பிரிச்சாலும் மூணாவது பக்கந்தான் கேஸ்கெட் கருகியிருக்கும்” என்றார். இத்தனை வருஷமும் அதைக் கவனித்து மனசில் வைத்திருந்தவர் அவர் ஒருத்தர்தான். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வண்டிக்காரரிடம் அதைக் கேட்டதில்லை.

லைனரை உருவிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. அது உட்காருகிற சீட் ஒரு பக்கமாக அரித்துப்போயிருந்தது. லைனரின் வெளிச்சுவரில் ஒரே பக்கத்தில் குண்டூசி குத்தினாற்போலக் கொத்துக் கொத்தாகக் குழிகள். டீசல் வெடிக்கிற ஒவ்வொரு முறையும் லைனர் சுவர் அதிரும். அந்த அதிர்வில் தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் உண்டாகி, சுவரிலேயே உடைந்து இரும்பைக் கொறிக்கும். கூலன்டில் சேர்க்கிற மருந்து அந்த இரும்புக்கு மேல் ஒரு படலம் கட்டி இதைத் தடுக்கும். எங்கள் வண்டிக்கு வாழ்நாள் முழுக்க ஊற்றியது போர்வெல் தண்ணீர். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் கெட்டில்கூட வெள்ளையாய் உப்புப் படிந்து போகும். பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் அந்த உப்பைத் தகடு தகடாக ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தோம். கூலன்ட் என்கிற ரேடியேட்டர் பச்சைத் தண்ணீரைச் சிலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். வெட் லைனர் எஞ்சினுக்கு அது மருந்து. காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், குழாயைப் பிடிக்காதீர்கள்.

புது லைனர், பிஸ்டன், ரிங் செட் ஜே.சி. ரோட்டில் கிடைத்தது. இந்த எஞ்சினுக்கு இன்னும் சரக்கு வருகிறது. டிபி எஞ்சின் என்று சொன்னால் கடைக்காரர் மேல் அலமாரிக்கு ஏணி வைக்கிறார். கலாசிப்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் மூன்றாவது சீட்டைச் சமமாக வெட்டி, வெட்டியதையும் முன்பு தாழ்ந்திருந்ததையும் ஈடுகட்டுகிற அளவுக்கு ஷிம் (மெல்லிய உலோக வளையம்) போட்டு லைனரைத் தூக்கி நிறுத்தினோம். நான்கையும் திரும்ப அளந்தேன். அதன்பிறகுதான் கேஸ்கெட் கவரையே பிரித்தேன்.

பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க்கையும் அந்தப் பட்டறையிலேயே கொடுத்தேன். அதில் பேரிங் உட்காருகிற உருளைப் பகுதிகளான ஜர்னல்கள் கொஞ்சம் முட்டை வடிவத்துக்குத் திரும்பியிருந்தன. 0.25 மில்லிமீட்டர் அரைத்து அதற்கேற்ற பேரிங் போட்டால் போதும். ஆனால் இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஜர்னல் முடிகிற மூலை வளைவாக இருக்கும். அரைக்கிற கல்லின் ஓரம் கூர்மையாக இருந்தால் அந்த வளைவு போய் மூலை நறுக்கென்று நிற்கும். கிராங்க் ஒடிவது அந்த மூலையிலிருந்துதான். அந்த ரேடியஸைப் பற்றி நான் கேட்டதும் லேத் பாய் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ரேடியஸ் கேஜை எடுத்து மேஜை மேல் வைத்தார். “நீங்களே வெச்சுப் பாருங்கம்மா, நம்ம கல்லு அதுக்கேத்த மாதிரி டிரெஸ் பண்ணித்தான் ஓடும்” என்றார். வைத்துப் பார்த்தேன், வெளிச்சம் எங்கேயும் கசியவில்லை. இப்படி வேலை செய்கிறவர்கள் இருக்கிறவரை பழைய எஞ்சின்களுக்குச் சாவு இல்லை.

பேரிங் இடைவெளியை பிளாஸ்டிகேஜ் வைத்துப் பார்த்தேன். மெழுகு மாதிரி மெல்லிய நூல் அது. ஜர்னல் மேல் வைத்து மூடியை முறுக்கித் திறந்தால் நசுங்கியிருக்கும். நசுங்கின அகலத்தைக் கவரில் இருக்கிற கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். விலை குறைவு, வீட்டில் எஞ்சின் கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது.

இனி டீசல் பம்பும், டீசலை எஞ்சினுக்குள் தெளிக்கிற நாசிலும். 1951ல் தொடங்கிய மைக்கோ கம்பெனி பெங்களூர் ஆடுகோடியில்தான் டீசல் பம்பும் ஸ்பார்க் பிளக்கும் செய்தது. இப்போது அது பாஷ். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் நாசில் டெஸ்டர் வைத்திருக்கிறார். நாசிலைக் கவிழ்த்து மாட்டி, கைப்பிடியை மெதுவாக அழுத்துவார். கேஜ் முள் ஏறும், ஒரு கட்டத்தில் நாசில் கிர்ர் என்று சத்தம் போட்டுக்கொண்டு டீசலைப் புகையாகத் துப்பும். அந்தச் சத்தம் வராமல் கம்பி மாதிரி நீளமாகப் பீய்ச்சினால் நாசில் செத்துவிட்டது. அழுத்துவதை நிறுத்தினதும் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றாலும் ஆகாது. எங்கள் நான்கில் இரண்டு சத்தமே போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதால்தான் அவர் தீர்ப்புச் சொன்னார்.

பம்பின் பழைய ரப்பர் சீல் எல்லாவற்றையும் மாற்றி வைட்டான் என்கிற, டீசலைத் தாங்குகிற ரப்பர் போடச் சொன்னார். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வருகிற பிஎஸ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மட்டும்தான். அந்த டீசலுக்கு மாறினபிறகு பழைய பம்புகளில் சீல் கசிவு நிறையப் பார்த்ததாகச் சொன்னார். டேங்க்கில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) கலக்கலாமா என்று கேட்டேன். தேவையில்லை, வழவழப்புக்கு வேண்டியதை ரிஃபைனரியிலேயே சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள் என்றார். நானும் கலக்குவதில்லை.

பாடி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூ வண்டிக்குத் துரு பிடிக்கிற விதமே வேறு. பூ வாடாமல் இருக்க ஈரக் கோணி போட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே வருவார்கள். அந்தத் தண்ணீர், லோடு ஏற்றுகிற பின் தொட்டியின் தளத்தில் தேங்கி, பின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) வழியாகத்தான் வடியும். அதனால் கேபின் ஓரளவு தப்பித்திருக்க, பின்பக்கம் மட்டும் கையால் அமுக்கினாலே பொடிந்தது. தளத்தை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு செக்கர் பிளேட் போட்டோம், நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய ஓட்டை விட்டோம். சேசிஸில் துரு விழுந்த இடங்களைத் தட்டிப் பார்த்து, மெலிந்த இடங்களில் மட்டும் தகடு வைத்து வெல்டிங். பெயின்ட் பழைய நீலமே.

எஞ்சினை உள்ளே இறக்கி, டீசல் குழாயில் சிக்கின காற்றை வெளியேற்றினோம். அப்பா ஃபில்டர் மேல் இருக்கிற கைப் பம்பை அடிக்க, நான் ப்ளீட் திருகைத் தளர்த்தி நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை பார்த்து மூடினேன். இது டைரக்ட் இஞ்ஜெக்‌ஷன் எஞ்சின் இல்லை. டீசல் முதலில் ஹெட்டில் இருக்கிற சிறு சுழல் அறைக்குள் விழுந்து அங்கே பற்றிக்கொண்டு பிறகுதான் பிஸ்டனுக்கு இறங்கும். அதனால் ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்தால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகும். ஹீட்டரைப் போட்டு, காத்திருந்து, சாவியைத் திருப்பினார் அப்பா. முதலில் வெள்ளையாகப் புகை, தடுமாற்றம், பிறகு நான்கும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்து அப்பாவின் தோளைத் தட்டினதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரேடியேட்டர் மூடி திறந்தே இருந்தது, ஒரு குமிழ்கூட வரவில்லை. சூடாகி ஆறினபிறகு ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, வரிசைப்படி, டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை சரிபார்த்தேன்.

புகை டெஸ்ட்டில் அந்தக் காலத்து டீசல் வண்டிகளுக்கு 65 எச்.எஸ்.யூ. (புகையின் அடர்த்தி அளவு) வரை விடுகிறார்கள். எங்கள் வண்டி அதற்கு நன்றாகக் கீழேயே நின்றது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய டீசல் என்றாலே கரும்புகைதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். டெல்லியில் 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளைத் தடுத்தது. அந்த ஊர்க் காற்றுக்கு அதற்கான நியாயம் இருக்கலாம். நாடு முழுக்க என்று பார்த்தால், 15 வருஷம் தாண்டியதும் பதிவு ரத்தாகும் என்று 2023 ஏப்ரலில் வந்த விதி அரசாங்க வண்டிகளுக்குத்தான். எங்களுடையதைப் போன்ற வண்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனையில் தேறினால் ஓடலாம். வருஷத்தைப் பார்ப்பதைவிட நாசிலைப் பார்ப்பது நியாயம் என்பது என் கட்சி. தேய்ந்த நாசிலோடு ஓடுகிற பத்து வயசு வண்டியைவிட, அளந்து கட்டின முப்பது வயசு வண்டி குறைவாகத்தான் புகை விடும்.

இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. செகண்ட் கியரில் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் லிவர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. சிவாஜி நகர் குஜரியில் (பழைய உதிரிபாகச் சந்தையில்) ஒரு பழைய கியர்பாக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன், அதில் பல் நன்றாக இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் விலை பேச வேண்டும்.