52 கிலோ குண்டன்

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே ஒல்லிப்பிச்சான்தான். காற்று அடித்தால் இவனைக் காசிமேட்டில்தான் போய்ப் பொறுக்கணும் என்று வாத்தியாரே சொல்லிச் சிரிப்பார். மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் திரிவேன்.

17 வயதில் ராயபுரத்தில் பாக்ஸிங் சேர்ந்தேன், அங்கே கதை தலைகீழ். நான் 52 கிலோ பிரிவு. போட்டியன்று காலை மெஷின் 52.4 காட்டியது. அந்த 400 கிராமைக் கண்ணாடியில் பார்த்தேன், சத்தியமாக, தொப்புளுக்குக் கீழே தொங்கிக்கொண்டு இருந்தது! மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் எச்சில் துப்பித் துப்பியே அதை இறக்கினேன். மயக்கம் வராதது என் அதிர்ஷ்டம். இப்போது கணக்குப் போட்டால், 165 செ.மீ. உயரத்துக்கு அன்றைய என் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு, 19 சொச்சம். 18.5க்குக் கீழே போனாலே எடை குறைவு என்பார்கள். அந்த விளிம்பில் நின்றுகொண்டுதான் நான் குண்டன் என்று அழுதிருக்கிறேன்.

தங்கச்சி கதை வேறு. வயசுக்கு வருகிற சமயத்தில் பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது இயற்கை. ஆனால் வருகிற அத்தை சித்தி எல்லாரும் "பூசின மாதிரி ஆயிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போக, அவள் நாலு இட்லி இரண்டாகி, இரண்டு ஒன்றானது. போன மாதம் அந்தக் காலத்துப் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுலயா நான் குண்டு?" என்று கேட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சரி, எனக்காவது புத்தி வந்ததா என்றால் அதுவும் இல்லை. போன வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜீன்ஸ் வாங்கப் போனேன். கடைப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு 34 எடுத்தான். "30 குடு தம்பி" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. உள்ளே போய்ப் போட்டால் பட்டனுக்கும் ஓட்டைக்கும் நாலு விரல் இடைவெளி. இப்போது நான் 68 கிலோ, பிஎம்ஐ 25. நம் ஊர்க்காரர்களுக்கு 23லேயே அதிக எடை என்கிறார்கள் டாக்டர்கள். மண்டைக்குள் மட்டும் இன்னும் அதே முழுக்கைச் சட்டைக்காரன்.

34ஐ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அம்மா வஞ்சிரம் வறுத்து வைத்திருந்தார்.

"இன்னொரு துண்டு வெச்சுக்கோப்பா, வர வர இளைச்சே போறே."

வைத்துக்கொண்டேன்.