முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைக்கு ஒரு பாலூட்டும் அறை

முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனை என்றதும் வயதான ஆண்களின் வரிசைதான் நினைவுக்கு வரும். கைக்குழந்தைக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். மதுரை ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக் போன்ற இடங்களில் நர்ஸ், லேப், பார்மசி வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கமிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு மகள் பஸ் ஏறி வருகிறாள். ராணுவத்தில் பணி முடித்த பெண்களும் வருகிறார்கள்.

எட்டுக்கு எட்டடி அறை போதும். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் வேண்டும், கதவு 3 அடி அகலம் வேண்டும். இந்த மருத்துவமனையில் அதை விடவே கூடாது. உள்தாழ்ப்பாள், கைப்பிடி வைத்த நாற்காலி, சிறு மேசை, மேசை உயரத்தில் ஒரு பிளக், அறைக்குள்ளேயே வாஷ்பேசின். ஊசி போடும் அறையில் திரை கட்டி விடுவது அறையாகாது. ஃபேன் போட்டால் திரை பறக்கும். கழிப்பறையைக் காட்டுவது அதைவிட மோசம்.

நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி, முகம் கதவைப் பார்க்க இருக்கட்டும். போர்முனை அதிர்ச்சி உள்ளவர்களுக்குப் பின்னால் கதவு திறப்பது தாங்காது. வெளியே 'ஆள் இருக்கிறார்' பலகை தொங்கினால் யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

வேலை பார்க்கும் தாய் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் எடுக்க வேண்டும். பால் எடுக்கும் பம்பைக் கழுவுவதோடு சேர்த்து அரைமணி ஆகும். தள்ளிப்போட்டால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், காய்ச்சல் வரும், நாளடைவில் பாலும் குறையும். அந்த அரைமணி டூட்டி அட்டவணையிலேயே இருக்க வேண்டும். மாற்று ஆள் இல்லாமல் அறை மட்டும் கட்டிப் பயனில்லை.

எடுத்த பாலை வெளியே வைக்க நான்கு மணி நேரம் என்பார்கள். அது 25 டிகிரி வரைக்கும்தான். சித்திரை வெயிலில் மதுரையில் அந்தக் கணக்கு செல்லாது. உடனே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். 4 டிகிரியில் நான்கு நாள் தாங்கும். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைக்கவும். பெயர், தேதி, நேரம் ஒட்டவும். தடுப்பூசி ஃபிரிட்ஜிலோ லேப் மாதிரி வைக்கும் ஃபிரிட்ஜிலோ வைக்கக் கூடாது. கரண்ட் போனால் சமாளிக்க ஐஸ்பேக் இரண்டு உறைந்தபடி இருக்கட்டும்.

தாய் நோயாளியாக வந்தால், பாலூட்டுவதைச் சீட்டிலேயே எழுதட்டும். பல மருந்துகளை பாலூட்டும்போதும் சாப்பிடலாம். டாக்டரைக் கேட்காமல் பாலை நிறுத்தச் சொல்வதுதான் தவறு.

பூட்டுதான் கடைசிச் சிக்கல். 2015-ல் தமிழக பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள், நல்ல காரியம். எங்கே திறந்தாலும், சாவி ஒருவர் மேசைக்குள் போனால் அறை பழைய கட்டில் போடும் இடமாகிவிடும். வெளிப்பூட்டே வேண்டாம். துடைப்பதும் ஃபிரிட்ஜைப் பார்ப்பதும் யார் பொறுப்பு என்று ஷிப்டுவாரியாக எழுதி, கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள்.