டாங்கிக்குள் தேங்காய்

என்னிடம் இருக்கும் பழைய மாடல் ஹோண்டா என்சி750எக்ஸ் மோட்டார் சைக்கிளைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், அதை ஓட்டி வருபவர் வார இறுதியில் ஏதோ பாலைவனத்தைக் கடக்கப் போகிறார் என்றே நினைப்பார்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அலகு, உயரமான காற்றுத்தடுப்பு, அகன்ற கைப்பிடி, தரையிலிருந்து 830 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கை என்று சாகச வண்டிக்குரிய வேடம் முழுவதையும் அது அணிந்திருக்கிறது. கிட்டே வந்து குனிந்து பார்த்தால்தான் வேடம் கலையும். கரடுமுரடான பாதைக்கென்றே செய்யப்படும் வண்டிகளின் முன்சக்கரம் பெரும்பாலும் 19 அல்லது 21 அங்குலமாக இருக்கும். இதற்கோ முன்னும் பின்னும் தார்ச்சாலைக்குரிய 17 அங்குலச் சக்கரங்கள்தான். செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் இறங்குவதற்கு என் வண்டி அவ்வளவாக ஆசைப்படுவதில்லை. மலேசியாவின் கிள்ளான் நகரத்து லிட்டில் இந்தியாவில் மளிகை வாங்கி வரச் சொன்னால், அதைப் போல் உற்சாகமாகப் புறப்படும் வண்டி வேறெதுவும் இல்லை.

காரணம், பெட்ரோல் டாங்கி இருக்கவேண்டிய இடத்தில் டாங்கி இல்லை. டாங்கியைப் போலவே தோன்றும் அந்த மேட்டைச் சாவி போட்டுத் திறந்தால், உள்ளே 21 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது. இன்ஜினின் சிலிண்டர்களை 62 பாகை முன்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, மேலே மிச்சமான இடத்தை முழு முகத் தலைக்கவசம் ஒன்றை வைக்குமளவுக்குப் பெட்டியாக்கியிருக்கிறார்கள். தலைக்கவசம் வைப்பதற்கு என்று விற்பனையாளர் சொன்னதை என் மாமியார் ஏற்கவில்லை. அவர் முதல் பார்வையிலேயே அதை அளந்துவிட்டு, "நாலு தேங்காய், ரெண்டு கட்டுக் கீரை, ஒரு பாக்கெட் தோசை மாவு தாராளமா போகும் மாப்பிள்ளை" என்று முடிவு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கணக்கு பிசகியதே இல்லை.

அப்படியானால் பெட்ரோல் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். 14.1 லிட்டர் டாங்கி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடி, பின்னால் அமர்பவரின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் என் மனைவி இறங்கி நிற்கவேண்டும். இருக்கைமேல் பை ஏதாவது கட்டியிருந்தால் அதையும் அவிழ்க்கவேண்டும். கடும் வெயிலில் பக்கத்துப் பம்பில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே, "அவங்கல்லாம் உட்கார்ந்த இடத்துலயே இருக்காங்க" என்று அவர் சொல்வதை நான் பொதுவான கருத்தாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். நல்லவேளையாக வண்டி பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகத்தான் குடிக்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் என்பது நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கு மட்டும் வேறாக இருந்திருந்தால் எங்கள் குடும்ப அமைதி எப்போதோ குலைந்திருக்கும்.

ஒருநாள் முகப்பில் பணம் கட்டிவிட்டு வந்து, பணப்பையை உள்ளே வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தேன். பக்கத்தில் பழைய ஹோண்டா இஎக்ஸ்5 காப்சாயில், அதாவது இங்கே எல்லாரும் ஓட்டும் சிறிய மோட்டார் சைக்கிளில், வந்திருந்த ஒரு மலாய்ப் பெரியவர், நான் கையில் பெட்ரோல் குழாயோடு முருங்கைக்காயின்மேல் குனிந்து நிற்பதைக் கண்டு பதறிப்போய் ஓடி வந்தார். நான் பின்னிருக்கையைத் தூக்கி உண்மையான மூடியைக் காட்டியதும் அவருடைய பதற்றம் ஏமாற்றமாக மாறியது. தம் காப்சாயின் இருக்கையை நிமிர்த்தி, அதற்கடியில் இருந்த டாங்கியைச் சுட்டிக்காட்டி, "என்னுடையதும் இப்படித்தானே இருக்கிறது, இதற்கா இவ்வளவு பணம் கொடுத்தாய்?" என்று மலாயில் கேட்டார். 250 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் 'பி ஃபுல்' லைசன்ஸ் வேறு தனியாக எடுத்தேன் என்பதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். இதற்கு முன்னோடியான 700 சிசி மாடலில் சிலிண்டர் இரண்டு; ஒவ்வொன்றின் விட்டம் 73, உள்ளே பிஸ்டனின் ஓட்டம் 80 மில்லிமீட்டர். ஹோண்டா ஜாஸ் காரின் நான்கு சிலிண்டர் 1.3 லிட்டர் இன்ஜினுக்கும் அதே அளவுகள்தாம். 'பாதி ஜாஸ்' என்று வண்டிக்காரர்கள் கேலி செய்வது அதனால்தான். என்னுடைய 745 சிசியில் விட்டத்தை 77 ஆக்கியிருக்கிறார்களே தவிர, குணம் மாறவில்லை. மற்ற பெரிய வண்டிகள் கத்தத் தொடங்கும் வேளையில் இது வேலையை முடித்துவிட்டு அடுத்த கியரைக் கேட்கிறது. நிமிடத்துக்கு 4,750 சுற்றிலேயே 68 நியூட்டன் மீட்டர் இழுவை வந்துவிடுவதால், கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போகும் பழைய மலைச்சாலையின் வளைவுகளில் கியரைப் பற்றி யோசிக்காமலேயே ஏறலாம். எடை பெரும்பாலும் கீழேயே இருப்பதால், 219 கிலோ என்பது வண்டியைத் தள்ளும்போதுதான் தெரிகிறது, சாய்க்கும்போது தெரிவதில்லை. ஆனால் லாரியைத் தாண்டும் பரவசத்தில் திருகிக்கொண்டே போனால், 7,000 சுற்றைத் தொடுவதற்கு முன்பே இன்ஜின் மூச்சை நிறுத்திக்கொண்டு, போதும் தம்பி என்று அதட்டுகிறது. வயதில் மூத்த உறவினரோடு பயணம் செய்கிற அடக்கம் தானாக வந்துவிடுகிறது.

அந்த மலைச்சாலைக்கு என் நண்பர்கள் மெய்யான சாகச வண்டிகளில் வருவார்கள். ஒவ்வொன்றும் ஆயிரம் சிசிக்கு மேல். பள்ளம் மேட்டுக்கு ஏற்ப நெடுக இறங்கி ஏறும் அதிர்வுத்தாங்கி, கம்பிச்சக்கரம், இன்ஜின் காப்புத்தகடு என்று குறைவே இல்லாதவை. வளைவில் சாய்வதற்கு இடைஞ்சல் என்று பக்கப் பெட்டிகளை மட்டும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். போகும் வழியெல்லாம் "அண்ணே, இதெல்லாம் ஒரு அட்வெஞ்சரா?" என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள், பெந்தோங்கில் இறங்கியதும் ஆளுக்கு ஒரு கிலோ இஞ்சி வாங்கினார்கள். இஞ்சிக்குப் பேர்போன பெந்தோங் வரை போய் அதை வாங்காமல் திரும்பினால் வீட்டில் யார் பதில் சொல்வது? அத்தனை இஞ்சியும் என் பெட்டிக்குள் போயிற்று. ஒருவர் டப்பாவில் அடைத்த டுரியான் சுளைகளையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்தார். டுரியான் மறுநாளே தீர்ந்துவிட்டது. வாசனை மட்டும் என்னோடு கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் நெடுநாள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இப்போதெல்லாம் அவர்கள் பயணத் தேதியை என்னைக் கேட்காமல் முடிவு செய்வதே இல்லை. எனக்கு அன்று வேலை இருக்கிறது என்று சொன்னால், "பரவாயில்லை அண்ணே, வண்டியை மட்டும் கொடுங்க" என்கிறார்கள்.