கிராங்க் நாட்குறிப்பு: 0.03

மே 4
கத்திரி தொடங்கிவிட்டது. இனி அளவெடுக்கும் வேலையெல்லாம் விடியற்காலையில்தான்.

மே 6
ஐந்தாவது கிராங்கை, அதாவது தண்டுள்ள இரண்டு தட்டுகளைக் கிராங்க்பின் ஒன்றால் கோத்த சுழல்தண்டை, இன்று பிரஸ்ஸில் ஏற்றினேன். பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் போரும் (சிலிண்டரின் உள்விட்டம்) 57 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 57. நான் ஸ்ட்ரோக்கை 60 ஆக்கியிருப்பதால் 145 சி.சி. என்பது 153 ஆகிறது. எட்டு சி.சி.க்கு இத்தனை பாடா என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். பிஸ்டன் மேலே 1.5, கீழே 1.5 கூடுதலாகப் போவதையும், அதற்காகச் சிலிண்டருக்கு அடியில் பேக்கிங் வைத்துத் தூக்கினால் சிலிண்டர் சுவரிலுள்ள வாயு வழிகளான போர்ட்டுகள் திறந்திருக்கும் நேரமும் நீள்வதையும் அவருக்கு எப்படி விளக்குவது? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

முள் வைத்த டயல் கேஜில் அவுட், அதாவது சுழலும்போது தண்டு மையத்திலிருந்து விலகும் அளவு, 0.02 மில்லிமீட்டர் மட்டுமே. 0.03 வரை நான் ஒப்புக்கொள்வேன். இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

மே 7
காலை முழுவதும் மின்சாரம் இல்லை.

மே 9
பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை ஓட்டித் திரும்பினேன். மேட்டில் மூன்றாவது கியரிலேயே இழுத்தது. திரும்பும் வழியில் கால்பலகையில் ஒரு நடுக்கம் தொடங்கியது. எஞ்சினைப் பிரித்து அளந்தால் 0.06.

மே 10
உறக்கமில்லை. வேறு எஞ்சினாக இருந்தால் 0.06 அவுட்டோடு பேரிங் கத்திக்கொண்டு கொஞ்ச காலம் ஓடும். லாம்பிரெட்டாவில் பெட்ரோல் கலவை உள்ளே வரும் வழியைப் பிஸ்டன்தான் திறந்து மூடுகிறது. சேத்தக்கிலோ அந்த வேலையைக் கிராங்கின் தட்டே செய்கிறது. தட்டின் விளிம்புக்கும் கிராங்க் கேஸுக்கும் நான் விட்டிருக்கும் இடைவெளி 0.05தான். அதைக் கூட்டினால் கலவை கார்பரேட்டருக்கே திரும்பி அடிக்கும், குறைத்தால் உரசும். நிமிடத்துக்கு 8000 சுற்று என்றால் வினாடிக்கு 133 முறை. அந்த வேகத்தில் உரசினால் கோடு விழுவது கேஸில், கேஸ் வாடிக்கையாளருடையது. ஆம்பூர்க்காரர் தன் தகப்பனாரின் வண்டி என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டுப் போனார்.

கிராங்க்பின் வழுக்கித் தட்டுகள் முறுக்கிக்கொண்டனவா என்று முதலில் சந்தேகித்தேன். முறுக்கியிருந்தால் ஒரு முனையில் முள் ஏறும்போது மறுமுனையில் இறங்க வேண்டும். இங்கே இரண்டு முனைகளிலும் ஒன்றாகவே ஏறுகிறது. ஆகவே தட்டுகள் விரிந்திருக்கின்றன. வைஸில் வைத்து ஒடுக்கினேன், 0.02 வந்தது. மகிழ்ச்சி வரவில்லை.

மே 11
மறுபடியும் பள்ளிகொண்டா. மறுபடியும் 0.06.

மே 12
அப்பாவின் வலது கை இன்றும் நடுங்கியது. தாமிரச் சுத்தியலை எடுத்துப் பார்த்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டார்.

மே 13
ஹீட் ட்ரீட்மென்ட்டின் மீது பழி போட்டு ஒரு நாளை வீணாக்கினேன். இது ஈ.என்.24 எஃகு; பதம் ஏறிய பிறகே நான் கிராங்க்பின்னுக்கான துளையைப் போடுகிறேன், ஆகவே பழி அங்கே ஒட்டவில்லை. பிறகு வெயிலின் மீது போட்டேன்: நூறு மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் 0.012 நீளும். ஆனால் வெயில் தட்டை முழுவதுமாக நீட்டுமே தவிர, ஒரு பக்கமாக விரிக்காது. வேலூர் காகிதப்பட்டறையில் நண்பகலில் நின்றுகொண்டு இதை யோசிப்பதற்கு இவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது.

ஆம்பூர்க்காரர் இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

மே 15
அப்பா இன்று லேத் அருகில் நாற்காலியைப் போடச் சொன்னார். நான் துளை போடுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், "பிக்சரை அளந்தியாடா?" என்று மட்டும் கேட்டார்.

அளக்கவில்லை. தட்டின் தண்டைப் பிடித்துக்கொண்டு, சுழலும் மையத்திலிருந்து அதைச் சரியாக 30 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தும் அந்தப் பிக்சரை நானே செய்தேன்; நான் செய்ததை நான் ஏன் அளக்க வேண்டும் என்ற எண்ணம்தான். உள்ளே தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ், வாய்ப்பக்கம் 0.02 தேய்ந்திருக்கிறது. தண்டு அதற்குள் சாய்கிறது, துளையும் அதே அளவு சாய்கிறது, கிராங்க்பின் சாய்ந்தே ஏறுகிறது. வைஸில் நான் ஒடுக்கியதெல்லாம் எஃகைச் சற்று நேரம் வளைத்து வைத்ததுதான். எஞ்சின் சூட்டிலும் அதிர்விலும் அது தன் இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

அப்பா நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, மூலையில் அடுக்கியிருந்த தட்டுகளை எண்ணினேன். பதினான்கு, எல்லாம் அந்தப் பிக்சரில் துளை போட்டவை. எந்தத் தட்டிலிருந்து புஷ் தேயத் தொடங்கியது என்று குறித்து வைக்கவில்லை.

மே 16
ஐந்து மணிக்கு எழுந்தேன். முதல் தட்டு 0.01. இரண்டாவதும் 0.01. மூன்றாவதை, தண்டைத் தாங்கும் வி-பிளாக்கில் வைத்திருக்கிறேன், ஆம்பூர்க்காரர் வாசலில் வந்து நிற்கிறார்.