முப்பது சிப்பம் நெல்லும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

கும்பகோணத்துக்கு அருகில் அரசலாற்றை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டில், எந்தப் பொருளும் பழுதாகி நிற்பதற்கு முன்பு மாற்றப்பட்டதாக வரலாறு கிடையாது. மின்விசிறி சுற்றாமல் நின்றால்தான் புதியது வரும். சுற்றிக்கொண்டே முனகுவதெல்லாம் காரணமாக ஏற்றுக்கொள்ளப்படாது. அப்படிப்பட்ட வீட்டில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து, திரையில் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றிவிட்டு வேறொன்றைப் போட வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றுவது எத்தனை கடினம் என்பது, கூட்டுக் குடும்பத்தில் இருந்துகொண்டு கணினி விளையாட்டு ஆடுபவர்களுக்குத்தான் தெரியும்.

கார்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016 பிப்ரவரியில் மகாமகம் நடந்தது; அதே ஆண்டு ஜூலையில் இந்தக் கார்டு சந்தைக்கு வந்தது; தீபாவளியை ஒட்டி, கணினியின் மூளையான ஐ5-6500 ப்ராசசரோடு சேர்ந்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. ஆகவே அம்மாவின் பேச்சில் அது இன்றுவரை 'மகாமகத்து வருஷம் வாங்கின பெட்டி'தான். 2022-இன் பிற்பகுதி வரையில் விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் தன் பயனர்களின் கணினிகளைப் பற்றி எடுக்கும் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு என்பதால், அதை வைத்திருப்பதில் எனக்கு ஒரு சமூக அந்தஸ்தும் இருந்தது. என் திரை 1080பி, 60 ஹெர்ட்ஸ்; அதாவது நொடிக்கு அறுபது பிரேம் (தனித்தனிப் படங்கள்) காட்டும். அதற்கு மேல் நொடிக்கு எத்தனை பிரேம் வந்தாலும் அந்தத் திரை காட்டப்போவதில்லை.

இந்த அமைதியைக் குலைத்தவன் தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன், 2025 மே மாதம் வெளியான டூம்: தி டார்க் ஏஜஸ் விளையாட்டைத் தன் கணக்கிலிருந்து இறக்கி ஓடவிட முயன்றான். அது திக்கவில்லை, மெதுவாகவும் ஓடவில்லை, தொடங்கவே மறுத்துவிட்டது. ஒளி பட்டுத் தெறிக்கும் விதத்தைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் கார்டிலேயே இருந்தாக வேண்டும் என்பது அந்த விளையாட்டின் குறைந்தபட்ச நிபந்தனை. என்விடியாவில் அந்த வசதி 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில்தான் தொடங்குகிறது. அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் 1060-இல் இல்லாத ஒன்றை உண்டாக்க முடியாது.

"மாமா, இதுக்கு மேலயும் இந்தக் கார்டை வெச்சுக்கிட்டிருந்தா நாலு பேர் சிரிப்பாங்க" என்று அவன் தொடங்கியபோது, திண்ணையில் இருந்த அப்பா உள்ளே வந்தார்.

"ஓடுதா, ஓடலையா?"

"ஓடுது தாத்தா. ஆனா இந்த கேம் ஓடாது."

"மத்தது ஓடுதுல்ல? அப்ப அத விளையாடு."

அப்பா சொன்னதை நான் பழமைவாதம் என்று தள்ளிவிடவில்லை. கார்டுக்கு வயதாகிவிட்டது என்பது ஒரு காரணமே அல்ல. நாம் ஆட விரும்பும் விளையாட்டு நம் திரையில் நமக்குத் திருப்தியான வேகத்தில் ஓடவில்லை என்பதே காரணம் என்று நானும் நம்புகிறவன். டூமை ஆட விரும்பியவன் மருமகனே தவிர நான் அல்ல.

அப்பா விலையைக் கேட்டார். 8 ஜிபி உள்ள புதிய கார்டு ஏறக்குறைய முப்பதாயிரம் வரும் என்று மருமகன் சொன்னான். 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதாவது 40 கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சரியாக ஆயிரம் ரூபாய். இவ்வளவு வசதியான வாய்பாடு கையில் கிடைத்ததிலிருந்து அப்பா எதையும் ரூபாயில் பேசுவதில்லை. "முப்பது சிப்பமா! மழையில நனையாம காப்பாத்தி, ஈரப்பதம் 17க்குள்ள காய வெச்சு, நிலையத்துல காவல் காத்துப் போட்டா, அந்தக் காசு ஒரு அட்டைக்கா?"

"இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல வேகம் தாத்தா."

"பத்து எச்.பி. மோட்டார் போட்டாலும் குழாய் ரெண்டரை இஞ்சுதானே? தண்ணி எவ்வளவு வரும்?"

மருமகன் வாயடைத்துப் போனான். கணினி வல்லுநர்கள் மணிக்கணக்கில் விளக்கும் விஷயம் இதுதான்: ப்ராசசர் பழையதாக இருந்தால், அது அனுப்பும் வேலையைவிட வேகமாகக் கார்டு எதையும் வரைந்துவிட முடியாது. போதாக்குறைக்கு, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 போன்ற கார்டுகள் எல்லாப் பாகங்களும் செருகப்படும் மதர்போர்டோடு, தரவு போகும் எட்டுத் தடங்களில் மட்டுமே பேசுகின்றன. என் பழைய போர்டில் அந்தத் தடங்களும் பிசிஐஇ 3.0 என்ற பழைய வேகத்தில்தான் இயங்கும். கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி, கணினியின் பொது நினைவகமான ரேமிலிருந்து எடுத்து ஓட்ட வேண்டிய நிலை வந்தால் அந்தக் குறுகல் நன்றாகவே தெரியும்.

மருமகன் தளரவில்லை. 2025 அக்டோபரோடு 1060 தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வருவது நின்றுவிட்டது என்றும், இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்றும் எடுத்துரைத்தான். இதில் அம்மாவின் காதில் விழுந்தது 2028 மட்டும்தான். "அடுத்த மகாமகமும் 2028-லதான் வருது. அதுவரைக்கும் தாங்கும்னு கம்பெனிக்காரனே சொல்றான், அப்புறம் என்ன?" என்று கூறி விவாதத்தை முடித்துவைத்தார்.

வாங்குவதற்கு முன்பு இருப்பதைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், சம்பா அறுவடைத் தூசி முழுவதும் அங்கே குடியேறியிருந்தது. தெருவில் அறுவடை இயந்திரங்கள் போய்வரும் மாதங்களில் வீட்டுக்குள் படியும் அந்தப் பொன்னிறத் தூசியும் உமியின் சுணையும், கார்டின் அலுமினிய இதழ்களுக்கு நடுவே கம்பளிபோல் இறுகி, விசிறி தள்ளும் காற்றுக்கு வழியே இல்லாமல் செய்திருந்தன. மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. "இதெல்லாம் வேண்டாம் மாமா, புதுசே வாங்கிடலாம்" என்று மருமகன் சொல்லி வாய் மூடுவதற்குள் கேபினெட்டுக்குள்ளிருந்து பல்லி ஒன்று சத்தம் கொடுத்தது. கௌளி பலன் பார்ப்பதற்காக அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு, "எந்தத் திசையிலேருந்து சொல்லிச்சு?" என்று கேட்டார். "மதர்போர்டு பக்கம் பாட்டி" என்றான் அவன். பஞ்சாங்கத்தில் அந்தத் திசைக்குப் பலன் போடவில்லை.

தூசியை ஊதித் தள்ளி, சில்லின் சூட்டைக் கடத்தும், காய்ந்து பொருக்காகிப்போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும், விளையாடும்போது 83 டிகிரியில் முட்டிக்கொண்டு நின்ற வெப்பம் 71-க்கு இறங்கியது. 83 என்பது இந்தத் தலைமுறைக் கார்டுகள் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளத் தொடங்கும் வழக்கமான எல்லை. அதுவரை என் கார்டு மூச்சுத் திணறிக்கொண்டேதான் ஓடியிருக்கிறது. பேஸ்ட்டின் விலை அரைச் சிப்பத்துக்கும் கீழே இருந்ததால் அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை.

தாத்தாவை வழிக்குக் கொண்டுவர மருமகன் கடைசியாக ஓர் ஆயுதம் எடுத்தான். 2024 நவம்பரில் வந்த ஃபார்மிங் சிமுலேட்டர் 25-இல் நெல் சாகுபடி சேர்க்கப்பட்டிருக்கிறது. வயலில் தண்ணீர் கட்டலாம், நாற்று நடும் இயந்திரம் ஓட்டலாம், எருமைகூட வளர்க்கலாம். அதைத் திறந்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தான். முதலில் வரப்பு கட்டத் தெரியாத பயல்கள் என்று அதைச் செய்தவர்களைத் திட்டினார். பிறகு டிராக்டரில் சேடை ஓட்டினார். அறுவடை முடித்து நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டிய மறுகணமே திரையில் பணம் ஏறியதைப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். "ஈரப்பதம் பாக்கலையேடா! டோக்கன் கேக்கலையேடா!"

அதன்பின் மாலை வேளைகளில் எனக்குக் கணினி கிடைப்பதே அரிதாயிற்று. இரண்டாவது போகத்தில், நான்கைந்து இயந்திரங்களை ஒரே நேரத்தில் வேலைக்கு விட்டபோது, படம் விட்டுவிட்டு ஓடத் தொடங்கியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அட்டை பத்தலைபோல இருக்கேடா தம்பி" என்றார். மருமகன் முகத்தில் வெற்றிப் புன்னகை.

மாற்றுவது என்று வீட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்ன பிறகும், அளந்து பார்க்காமல் முப்பது சிப்பத்தைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அளக்கும் முறை மிக எளிது. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் கார்டின் உழைப்பைத் திரையின் ஓரத்தில் தெரியவைத்து, விளையாட்டின் ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) 1080-லிருந்து 720-க்குக் குறைக்க வேண்டும். பிரேம் எண்ணிக்கை உயர்ந்தால் இதுவரை திணறியது கார்டு. அசையாமல் இருந்தால் திணறுவது ப்ராசசர். நான் ஆடும் கார்ப் பந்தயத்தில் கார்டு 99 சதவீதத்தில் நின்றது, ரெசல்யூஷனைக் குறைத்ததும் பிரேம் எகிறியது. அப்பாவின் வயலிலோ கார்டு 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே சோம்பிக் கிடந்தது. 720-க்கு இறக்கினாலும் அதே திக்கல்.

"அப்பா, மோட்டார் இல்ல, குழாய்தான்" என்றேன்.

அவருக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. மருமகனுக்குத்தான் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அப்பாவின் நெல்லுக்கு வேண்டியது வேறு ப்ராசசர்; புதிய தலைமுறை ப்ராசசருக்குப் போனால் மதர்போர்டும் மாற வேண்டும், அதோடு பெரும்பாலும் டிடிஆர்5 என்ற புது வகை ரேமும் வாங்க வேண்டும். ஏஐ மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் மொத்தமாக இழுக்கப்படுவதால் 2025-இன் இறுதியிலிருந்து ரேமின் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. ஐ5-6500-ஐ விண்டோஸ் 11 ஏற்பதில்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்பதால், நியாயமாகப் பார்த்தால் கார்டுக்கு முன்பு மாற வேண்டியதே பெட்டியின் மற்ற பாகங்கள்தான். ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: 1060-இன் மின்தேவை 120 வாட், ஆர்டிஎக்ஸ் 4060-இன் தேவை 115 வாட் என்பதால், பின்னாளில் கார்டு மாறினாலும் எஸ்எம்பிஎஸ் பிழைத்துக்கொள்ளும்.

எனவே இப்போதைக்குக் கார்டு மாறவில்லை. விளையாட்டின் அமைப்புகளில் சாலைப் போக்குவரத்தை நிறுத்தி, தொலைவில் உள்ள பொருள்கள் தெரியும் தூரத்தைக் குறைத்ததில் அப்பாவின் வயலில் திக்கல் பெருமளவு அடங்கிவிட்டது. எதிரே கார்கள் வராத சாலையை அவர் பெரிதும் விரும்பவும் செய்தார். மருமகன் விடுதி நண்பனின் கணினியில் டூம் ஆடிக்கொள்வதாகச் சொல்லிப் பேருந்து ஏறினான்.

அன்று இரவு அப்பா கேட்டார்: "பெட்டியையே மொத்தமா மாத்தினா எத்தனை சிப்பம்டா ஆகும்?"

"எண்பது வரும்ப்பா."

திரையில் முற்றி நின்ற நெல்லை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த அறுப்பு முடியட்டும். இங்கதான் உடனே காசு குடுத்துடறானே."