நடு ஹால்ல ஒரு துரைசாணி

ஏப்ரல் 27

இன்னிக்கு நெதர்லாந்து ராஜா பொறந்தநாள், ஊரே ஆரஞ்சு கலர். ஹார்லெம்ல எந்தத் தெருவுல திரும்புனாலும் ஜனங்க போர்வைய விரிச்சு வீட்டுல கெடக்கற பழைய சாமானெல்லாம் கடை பரப்பி உக்காந்திருக்காங்க. பழைய இட்லி குக்கர் மாதிரி ஏதாவது ஸ்டீமர் கெடைக்குமான்னு பாக்கத்தான் போனேன், சத்தியமா. திரும்பி வரும்போது கையில ஒரு பொம்பளையோட படம், சைக்கிள் கேரியர்ல வைக்க முடியாம ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே வந்தேன்.

கருப்பு டிரெஸ், தலையில வெள்ளைத் துணித் தொப்பி, கழுத்தச் சுத்தி தட்டு மாதிரி பெரிய வெள்ளை மடிப்புக் காலர். பின்னாடி ஒண்ணும் இல்ல, சும்மா பழுப்பு இருட்டு. 1630கள்ல வரைஞ்ச மாதிரி இருக்கு. வித்த பெரியவர் முதல்லயே சொல்லிட்டாரு, இது பழசு இல்லம்மா, பழசு மாதிரி, எங்க மாமியார் சாப்பாட்டு ரூம்ல அழகுக்கு மாட்டி வச்சிருந்தாங்கன்னு. 45 யூரோ சொன்னாரு, 30க்கு முடிச்சேன். இவரு பாத்துட்டு, குக்கர் எங்கன்னு மட்டும் கேட்டாரு.

ஏப்ரல் 28

காலையிலேர்ந்து இதே வேலை. படத்தக் கவுத்துப் போட்டுப் பாத்தா கேன்வாஸ மரச்சட்டத்துல ஸ்டேப்ளர் பின் அடிச்சு இழுத்திருக்கு. பழைய ஆளுங்க சின்னச் சின்ன ஆணிதான் அடிப்பாங்க, ஸ்டேப்ளரெல்லாம் போன நூற்றாண்டு சமாச்சாரம். முன்னாடி மூஞ்சி பூரா வலை மாதிரி வெடிப்பு, ஆனா நெத்தியில ஒரு தினுசு, தொப்பியில ஒரு தினுசுன்னு இல்லாம எல்லா எடத்துலயும் ஒரே அளவு. இதுக்குன்னே கைவினைப் பொருள் கடையில வார்னிஷ் விக்கிது, ஒண்ணு மேல ஒண்ணு ரெண்டு கோட் அடிச்சா தானா வெடிக்கும், அந்த வெடிப்புல பழுப்புக் கலரத் தேச்சுத் தொடச்சா முந்நூறு வருஷம் ஒரே சாயங்காலத்துல வந்துரும்.

கள்ள நோட்டு பாக்கற நீல டார்ச் ஒண்ணு டிராயர்ல கெடந்துச்சு, லைட்ட அணைச்சிட்டு அடிச்சுப் பாத்தேன். பழைய மரப்பிசின் வார்னிஷா இருந்தா பச்சையா மங்கலா ஒளிரும். இவ கம்முனு இருந்தா.

இந்த ஊருக்கு இந்த வேலை புதுசு இல்ல. ஹான் வான் மேகெரென்னு ஒருத்தன், பழைய டச்சு ஓவியர் வெர்மீர் வரைஞ்ச மாதிரியே வரைஞ்சு, பெயின்ட்ல பேக்கலைட்டுங்கற பிளாஸ்டிக் கலந்து, அடுப்புல வச்சு சுட்டு, உருளையில சுத்தி வெடிப்பு வர வச்சு, 1937ல பெரிய நிபுணரையே நம்ப வச்சிட்டான். ராட்டர்டாம் மியூசியத்துல கொண்டுபோய் மாட்டுனாங்க. போர் முடிஞ்சதும் நாட்டோட பொக்கிஷத்த ஜெர்மன்காரனுக்கு வித்தான்னு புடிச்சு உள்ள போட்டப்ப தான், ஐயா அது நான் வரைஞ்சதுன்னு அவனே கத்த வேண்டியதாப் போச்சு. 1947ல ஒரு வருஷம் ஜெயில்னு தீர்ப்பு, உள்ள போறதுக்கு முன்னாடியே செத்துட்டான். என் துரைசாணிய வரைஞ்சவரு அப்படி யாரையும் ஏமாத்தல, சாப்பாட்டு ரூமுக்குத் தான் வரைஞ்சாரு.

மே 3

ராத்திரி எல்லாம் அந்தக் காலரப் பத்திப் படிச்சேன். டச்சுல அதுக்குப் பேரு மோலன்ஸ்டேன்க்ராக், அதாவது திருகைக்கல் காலர். பாத்தா அப்படியே தான் இருக்கு, திருகைக் கல்லுக்கு நடுவுல தலைய விட்ட மாதிரி. கஞ்சி போட்டு, சூடான இரும்பக் குடுத்து ஒவ்வொரு மடிப்பா எடுப்பாங்களாம், ஒரு தடவ தொவைச்சா எல்லாம் போச்சு, மறுபடி முதல்லேர்ந்து. அத மாட்டிக்கிட்டு எப்படி குனிஞ்சு சாப்டாங்களோ, ரசம் சாதம் எல்லாம் கனவு தான்.

அப்புறம் அந்தக் கருப்பு. நான் என்னவோ பக்திக்காக, அடக்கத்துக்காக கருப்பு போட்டாங்கன்னு நெனச்சிருந்தேன். அதுவும் உண்டு, ஆனா நல்ல ஆழமான கருப்பு சாயம் புடிக்கணும்னா துணிய திரும்பத் திரும்ப வேற வேற சாயத்துல முக்கணும், அதனால செம காசு. அடக்கமும் காட்டியாச்சு, பவுசும் காட்டியாச்சு. இந்த ஊர் ஓவியர் ஃப்ரான்ஸ் ஹால்ஸ் கிட்ட மட்டும் 27 கருப்பு இருக்குன்னு வான்கோ தம்பிக்கு எழுதுன லெட்டர்ல சொல்றாரு. என் துரைசாணி கிட்ட எண்ணிப் பாத்தேன், ரெண்டு தான்.

மே 11

அம்மா வந்தாச்சு. 90 நாள் விசா, நாலு பாட்டில் ஊறுகா, ஒரு இட்லி குக்கர்.

ஷூவக் கழட்டிட்டு ஹாலுக்குள்ள வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. "யாருடி இது?"

தெரியலம்மா, தெருவுல வாங்குனேன்.

"தெருவுல வாங்குனியா? எந்த வீட்டுல செத்தாங்களோ, அந்தப் போட்டோவத் தூக்கிட்டு வந்து நடு ஹால்ல மாட்டி வச்சிருக்க?"

அப்பத் தான் எனக்கே உறைச்சுது. நம்ம வீடுகள்ல சட்டம் போட்டு சுவத்துல தனியா ஒரு ஆள் மாட்டுனா அதுக்கு ஒரே அர்த்தம் தானே, கீழ ஒரு சின்ன பல்பு, பிளாஸ்டிக் மாலை. உயிரோட இருக்கறவங்க எல்லாம் ஆல்பத்துல இருப்பாங்க. அம்மா முகத்தத் திருப்பிக்கிட்டே கேட்டாங்க, அது தெக்குச் சுவரான்னு. காம்பஸ் ஆப்ப எடுத்துப் பாத்தேன். தெக்குச் சுவரே தான்.

மே 14

ராத்திரி படத்து மேல துண்டு தொங்குது, காலையில நான் எடுக்கறேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தா மறுபடி துண்டு. ரெண்டு பேரும் வாயத் தொறந்து ஒண்ணும் பேசிக்கல.

மே 19

கோவத்துல எழுதறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும். அம்மா படத்தத் தொடைச்சிட்டாங்க. பாத்திரம் வெளக்கற சோப்பு, ஈரத்துணி. "ஒரே அழுக்கா இருந்துச்சுடி"ன்னு சாதாரணமா சொல்றாங்க. அழுக்கு இல்லம்மா அது, வயசு, வயசத் தேச்சு வச்சிருந்தாங்க!

எடது கன்னத்துலேர்ந்து காலர் வரைக்கும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு போயிருச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன். கோவம் கொஞ்சம் எறங்குச்சு, ஏன்னா உள்ள ஒரு பொண்ணு இருக்கா. கன்னத்துல ரோஸ் கலரு, தாடைக்கு அடியில காலரோட வெள்ளை பட்டு மேல வர்ற வெளிச்சம், ஒரு சின்ன சாம்பல் கோடு, அத ஒருத்தர் யோசிச்சு வச்சிருக்காரு. காலர் மடிப்பு எல்லாம் அளந்து வரையல, கெட்டி வெள்ளையத் தொட்டு எட்டு எட்டா இழுத்துக்கிட்டே போயிருக்காரு, ஒவ்வொரு எட்டும் முடியற எடத்துல பெயின்ட் குமிழ் மாதிரி மேடா நிக்கிது, வெரல் வச்சா தட்டுப்படுது. அச்சு இல்ல, கையால வரைஞ்சது தான். எங்க பாட்டி வீட்டுல ரவிவர்மா லட்சுமி இருப்பா, அச்சடிச்சு வார்னிஷ் பூசுன படம், அதத் தடவுனா வழுவழுன்னு இருக்கும்.

மியூசியத்துல எப்படித் தொடைப்பாங்கன்னு இவரு தேடிப் பாத்து சிரிக்கிறாரு. மேல படிஞ்ச தூசிய எடுக்க பஞ்சுல எச்சி தொட்டுத் தொடைக்கறது உண்டாம், எச்சில இருக்கற என்சைம் வேலை செய்யுதாம். அம்மா கேட்டுட்டு, "சோப்பே தேவலாம்"னுட்டாங்க.

மிச்சத்தையும் தொடைக்கச் சொல்லிட்டேன். பாதி மூஞ்சியோட விட முடியாது.

ஜூன் 2

அம்மாவ ஃப்ரான்ஸ் ஹால்ஸ் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு காலத்துல ஆதரவு இல்லாத கெழவங்கள வச்சுப் பாத்துக்கிட்ட வீடு அது, 1913லேர்ந்து மியூசியம். பெரிய பெரிய காவல்படை விருந்துப் படம் எல்லாம் அம்மாவுக்குப் புடிக்கல, "எல்லாரும் குடிச்சிட்டு உக்காந்திருக்கானுங்க". நாகப்பட்டினத்த 1658லேர்ந்து 1781 வரைக்கும் வச்சிருந்தவங்க இவங்க தான்மான்னு சொன்னேன். "தெரியும், அவனுங்க கல்லறை ஊர்ல இருக்கே"ன்னாங்க, பெரிய மரியாதை எல்லாம் இல்ல.

ஆனா ஒரு ஜோடிப் படத்துக்கிட்ட நின்னுட்டாங்க. நிகோலாஸ் வான் டெர் மேர், இந்த ஊர் மேயரா இருந்தவரு, அவரு சம்சாரம் கொர்னேலியா ஃபோக்ட், ரெண்டும் 1631ல ஹால்ஸ் வரைஞ்சது. தனித்தனி சட்டம், ஆனா ஒருத்தர் பக்கம் ஒருத்தர் ஒடம்பத் திருப்பி இருக்காங்க. அந்தம்மா கழுத்துலயும் திருகைக்கல்லு.

"இது நம்ம துரைசாணி மாதிரியே உக்காந்திருக்கு"ன்னாங்க அம்மா. (நம்ம! குறிச்சுக்கங்க.) அப்புறம் ரெண்டு படத்தையும் மாறி மாறிப் பாத்துட்டு, "இவளுக்கும் வீட்டுக்காரர் இருந்திருக்கணும்டி. இவ அந்தப் பக்கம் தானே திரும்பியிருக்கா"ன்னாங்க.

நான் படிச்சத எடுத்து விட்டேன், கல்யாண ஜோடி வரைஞ்சா பெரும்பாலும் நாம பாக்கறப்ப புருஷன் எடது பக்கம், பொண்டாட்டி வலது பக்கம்மா, அதாவது அவருக்கு வலது தான் ஒசத்தி, அத அவரு எடுத்துக்குவாருன்னு. அம்மா பொறுமையா கேட்டுட்டு, "அர்த்தநாரீஸ்வரர்ல அம்பாள் எந்தப் பக்கம்?"னு ஒரே கேள்வி.

எடப்பாகம். நாம பாத்தா வலது பக்கம். இதுக்கு நான் மூணு வாரம் படிச்சேன்.

ஜூன் 3

அம்மாவுக்கு நேத்துலேர்ந்து ஒரே கவல, இவ வீட்டுக்காரர் எங்க போனாருன்னு. ஜோடியப் பிரிச்சு வித்தா புருஷன் ஒரு ஊர்லயும் பொண்டாட்டி ஒரு ஊர்லயும் சுவத்துல தொங்குவாங்க, பழைய படங்களுக்கு இது நெறையவே நடந்திருக்கு. ரெம்ப்ராண்ட் 1634ல வரைஞ்ச மார்ட்டென், ஓப்யென் கதையச் சொன்னேன். ஆளுயரப் படம் ரெண்டு. ரெண்டும் சேத்து 160 மில்லியன் யூரோ, 2016ல நெதர்லாந்து புருஷன வாங்குச்சு, பிரான்ஸ் பொண்டாட்டிய வாங்குச்சு. ஆனா ரெண்டு பேரையும் எப்பவும் ஒண்ணாத் தான் மாட்டணும்னு ஒப்பந்தம், கொஞ்ச காலம் ஆம்ஸ்டர்டாம், கொஞ்ச காலம் பாரிஸ்.

"நல்ல சம்பந்தி வீடு"ன்னாங்க அம்மா.

என் படத்துக்கு ஜோடின்னு ஒண்ணு வரைஞ்சாங்களாங்கறதே சந்தேகம், அலங்காரத்துக்கு வரைஞ்சவரு ஏதோ ஒரு பழைய படத்துல பொண்டாட்டி பாதிய மட்டும் பாத்து வரைஞ்சிருப்பாரு. அத அம்மா கிட்ட சொல்லல.

துண்டு இப்பல்லாம் பாத்ரூம்லயே இருக்கு.

ஜூன் 22

இன்னிக்கு சாப்டும்போது அம்மா திடீர்னு கையில சோத்தோட எழுந்துட்டாங்க. ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல ஷெல்ஃபு, அதுல அப்பா போட்டோ. துரைசாணி மாட்டியிருக்கற எடத்துலேர்ந்து அவ பார்வை நேரா எங்க போகுதுன்னு பாத்தா, அப்பா மேல. அதுவும் நாம பாக்கறப்ப அப்பா அவளுக்கு எடது பக்கம், அதாவது வீட்டுக்காரர் இருக்க வேண்டிய எடம்.

"ஏன்டி, இத்தன நாளாவா?"

நான் சிரிப்ப அடக்க முடியாம தண்ணி குடிக்கப் போயிட்டேன். அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு, அவர வச்சு நாங்க சிரிக்கறது இது தான் முதல் தடவ, அம்மாவும் சிரிச்சாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு கண்ணத் தொடைச்சிட்டு ரசம் ஊத்துனாங்க. அப்பாவுக்குத் துரைசாணி எல்லாம் சரிப்படாது, இங்கிலீஷ்லயே திக்குவாரு.

இவரு டிரில்ல எடுத்துட்டு வந்தாரு. இப்ப அவ பால்கனி கதவுப் பக்கம். எதிர்த்த வீட்டு டெரஸ்ல ஒரு தாத்தா ஜெரேனியம் பூச்செடிக்குத் தண்ணி ஊத்துவாரு, அவரப் பாத்துக்கட்டும்.

ஆகஸ்ட் 6

அம்மா நேத்து கெளம்பியாச்சு. ஊறுகால ரெண்டு பாட்டில் மிச்சம். வீடு அமைதியா இருக்கு, ஃபேன் சத்தம் கூட இல்ல, இங்க ஃபேனே கெடையாது.

ஆகஸ்ட் 17

பழைய சாமான் கடையில ஒரு ஆம்பள! கருப்புத் தொப்பி, ஆட்டுத் தாடி, அதே திருகைக்கல்லு, அதே மாதிரி அலை அலையா செதுக்குன கருப்புச் சட்டம் (அந்தக் காலத்துல கருங்காலி மரம், இல்லன்னா பேரி மரத்துக்குக் கருப்பு ஏத்தி ஏமாத்துவாங்க, என்னது ரெண்டும் இல்ல, பிளாஸ்டிக்). 60 யூரோ. நெஞ்சு அடிச்சுக்குச்சு. ஆனா அவனும் எடது பக்கம் தான் திரும்பியிருக்கான். ரெண்டு பேரையும் பக்கத்துல மாட்டுனா பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கும்.

கடையிலேர்ந்தே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு காட்டுனேன். அங்க கரென்ட் இல்ல போல, டார்ச் வெளிச்சத்துல அம்மா மூஞ்சி பாதி தான் தெரியுது. போனக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாங்க, இன்னும் கிட்ட, கண்ணக் காட்டுடின்னாங்க.

"வேண்டாம்டி. இவன் மூஞ்சியே சரியில்ல. குடிகாரன்."