மறைக்காட்டுக் கதவுக்கு முன்னால்

திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி வேதாரண்யம் போய் இறங்கியபோது காலை பத்தரை மணி. தோள்பையில் அம்மாவின் பாட்டு நோட்டு இருந்தது. அடுப்பு மேடையில் சாய்த்து வைத்தே பாடியதால் அட்டையில் நல்லெண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரியும்.

அம்மா அம்பாசமுத்திரத்தில் பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். ஒன்பது வயதில் கோவில் ஓதுவாரிடம் தேவாரம் படிக்கப் போனாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஆச்சி ஒரே ஒரு சட்டம் வைத்தாளாம். வீட்டுப் பொம்பிளை குரல் தெருவில் கேட்கக் கூடாது. அம்மா எதிர்த்துப் பேசவில்லை, பாட்டை விடவும் இல்லை. சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டாள். ஆச்சி காலமாகிப் பல வருஷம் ஆன பிறகும் அந்தக் குரல் அடுக்களைச் சுவரைத் தாண்டவில்லை. காய் நறுக்கும்போது அரிவாள்மனைப் பலகையின் ஓரத்தில் மோதிர விரலால் தட்டித் தாளம் போடுவாள். எனக்கு விடிவதே அந்தத் தட்டலில்தான்.

எத்தனையோ பதிகம் தெரியும் என்றாலும், அவள் மனசு ஒட்டியது திருமறைக்காட்டுப் பதிகத்தில். திருமறைக்காடுதான் இன்றைய வேதாரண்யம். வேதங்கள் பூசை செய்து தாழிட்டுப் போன வாசல் அது என்பது கதை. அப்பரும் சம்பந்தரும் வந்தபோது, ஊர்க்காரர்கள் பக்கத்தில் வேறொரு வாசல் வைத்துத்தான் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். நேர் வாசல் திறக்கட்டும் என்று சம்பந்தர் சொல்ல, அப்பர் பாடினார். 'பண்ணின் நேர்மொழியாள்' என்று தொடங்கி ஒவ்வொரு பாட்டாகப் பாடியும் கதவு அசையவில்லை. பதினோராவது பாட்டில் 'இரக்கம் ஒன்றிலீர் எம்பெருமானிரே' என்று கேட்டேவிட்டார். அப்போதுதான் திறந்தது. பிறகு கதவை அடைக்கச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே சாத்திக்கொண்டது. நாம் அவ்வளவு வருந்திப் பாட வேண்டியிருந்ததே என்று அப்பர் அன்று இரவு கலங்கிக் கிடந்ததைப் பெரிய புராணம் சொல்கிறது.

அந்தப் பதினோராவது பாட்டு வந்தால் அம்மா கையில் உள்ள வேலையை நிறுத்திவிடுவாள். குரல் ஏறாது, நிதானமாகும். சண்டை போட உரிமை உள்ளவர்களிடம்தான் அப்படிக் கேட்க முடியும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நோட்டில் அப்பரின் பதிகம் முழுவதும் இருக்கிறது. சம்பந்தரின் பதிகம் இல்லை. ஏன் எழுதவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "மூடுததுக்கு எதுக்குளா பாட்டு?" என்றாள்.

ஒருமுறை அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பாட வேண்டும் என்பாள். மாசித் திருவிழாவில் கதவு திறந்து அடைக்கும் நிகழ்ச்சியை நடத்திக் காட்டுவார்கள். ஒவ்வொரு மாசிக்கும் போகலாம் என்று பேசுவோம். என் பரீட்சை, தம்பி வேலை, அப்பா ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். அந்த மாசிகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அப்புறம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போய்விட்டது. தண்ணி என்ற சொல்கூட வராமல் உதடு மட்டும் தவிக்கும். ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து 'பண்ணின் நேர்' என்று நான் எடுத்தேன். 'மொழியாள்' என்றாள் அம்மா. நிறுத்தாமல் அந்தப் பாட்டை முடித்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பேச்சுக்கான இடம் பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் இருப்பதையும், அங்கே அடிபட்டுப் பேச முடியாமல் போனவர்களில் சிலருக்குப் பழகிய பாட்டு மட்டும் வார்த்தையோடு வரும் என்பதையும் டாக்டர் பிறகு விளக்கினார். பயிற்சி கொடுக்க வந்த பெண் கை கால்களை மடக்கி நீட்டும்போது வலி பொறுக்காமல் 'இரக்கம் ஒன்றிலீர்' என்று அம்மா பாடுவாள். அந்தப் பெண்ணும் கையைத் தளர்த்திவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பாள். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் கோவிலுக்குள் நடந்தேன். 'வேதாரண்யம் விளக்கழகு' என்பார்கள். இங்கே அம்மன் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அவள் குரல் முன்னால் யாழும் தோற்றதாம். அதனால் இங்குள்ள சரஸ்வதி கையில் வீணை கிடையாது, சுவடிதான் இருக்கிறது. அந்தச் சன்னிதியில் நெடுநேரம் நின்றேன். அம்மா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அங்கேயே ஒரு பாட்டு எடுத்திருப்பாள்.

இந்த ஊருக்கும் பாட்டுக்கும் அப்பரோடு முடிந்த உறவு இல்லை. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாகிரகத்துக்கு நடந்து வந்தவர்கள் பாடிக்கொண்டேதான் வந்தார்கள். அகத்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. சாயங்காலம் அங்கேயும் போனேன். வழியெல்லாம் உப்பளம், வெயிலில் கண் கூசியது.

ஆனால் அதற்கு முன்னால், உச்சிவேளையில், வாசலுக்கு நேரே நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சங்கீதம் தெரியாது, அம்மா பாடியது மட்டும் தெரியும். அதே சின்னக் குரலில் தொடங்கினேன். ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு நோட்டைப் பார்க்கத் தேவைப்படவில்லை. விரல் தானாக அட்டையில் தட்டியது. பத்தாவது பாட்டு முடிந்தபோது, நடை சாத்த வந்த கோவில் ஊழியர் சாவிக்கொத்தோடு பக்கத்தில் நிற்பதைக் கவனித்தேன்.

"இன்னும் இருக்காம்மா?"

"ஒரு பாட்டு இருக்கு ஐயா."

சாவிக்கொத்து சத்தம் போடாமல் இருக்க அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, "பாடுங்க" என்றார்.